மாடிக்காரர் எடுத்த படம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எங்க வீட்டு மாடிப் போர்ஷனை ஒரு மலையாள சினிமா டைரக்டருக்கு வாடகைக்கு விட்டோம். செய்தி பரவினதுமே தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் எங்க வாசலில் ஏதாவது ஒரு வேலை வந்துடுச்சு. சர்க்கரை கேட்டு வந்தாங்க, பேப்பர் கேட்டு வந்தாங்க, நாலு வீடு தள்ளி இருந்த அக்கா தலை பின்னிக்கிட்டே வந்து நின்னு மாடியை அண்ணாந்து பார்த்தாங்க. யாராவது நடிகை வருவாள்னு நினைப்பு. ஒரு ஈ காக்கா வரலை. வந்ததெல்லாம் தகர டப்பாக்கள். அதுக்குள்ளே வேற யாரோ வெட்டிப் போட்ட ஃபிலிம் சுருள்கள். பத்து நாளில் தெரு எங்களைக் கைவிட்டுடுச்சு.

நாங்க அவரை மாடிக்காரர்னுதான் சொல்லுவோம். ஒல்லி உடம்பு, முட்டிக்கு மேலே மடிச்சுக் கட்டின வேட்டி, சீப்பு பார்க்காத தாடி. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் காம்புக்குப் பதிலா ரப்பர் பேண்டு. என்னை சேச்சின்னு, அதாவது அக்கான்னு, கூப்பிடுவார். நானும் அவரும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஆனாலும் சேச்சிதான். மலையாளப் படம் எடுக்கிறவருக்குத் தாம்பரத்தில் என்ன வேலைன்னு கேட்டேன். அப்போவெல்லாம் மலையாளப் படத்துக்கும் ஃபிலிம் கழுவுறது, ஒட்டுறது, குரல் கொடுக்கிறது எல்லாமே கோடம்பாக்கத்தில்தான் நடக்குமாம். கோடம்பாக்கத்தில் வீடு எடுக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்தால் எலக்ட்ரிக் டிரெயின் நேரா கொண்டுபோய் விட்டுடும்.

அவருடைய முதல் படம் சொந்த ஊர் தியேட்டரில் ஓடின கதையை அவரே சொல்லியிருக்கார். அரை மணி நேரம் ஜனம் பொறுத்துப் பார்த்ததாம். அப்புறம் ஒரே கூச்சல். தியேட்டர்காரர் அடுத்த காட்சிக்கு ஒரு பழைய சண்டைப் படத்தைப் போட்டுட்டார். யார் வீட்டுக் கல்யாணத்திலோ நடந்த கலாட்டாவைச் சொல்ற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னார். அந்தப் படத்தில் கதையே இல்லையா சார்னு கேட்டேன். "இருந்தது சேச்சி, பார்க்கிறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கேன்னு எடுத்துட்டேன்" என்றார். கிண்டலா, நிஜமான்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை.

பெரிய கம்பெனிகள் ஷூட்டிங் நடத்தும்போது ஒவ்வொரு ரோலின் கடைசியிலும் கொஞ்சம் ஃபிலிம் மீந்து போகும். அந்தத் துண்டுகளைச் சல்லிசா வாங்கி வருவார். ஒரு துண்டு ஒரு நிமிஷம் ஓடும், இன்னொண்ணு ரெண்டு நிமிஷம் ஓடும். அவருடைய படத்தில் யார் எவ்வளவு நேரம் நடக்கலாம், எவ்வளவு நேரம் அழலாம்கிறதை அந்தத் துண்டுதான் முடிவு பண்ணும். ஒண்ணுக்கும் உதவாத ஃபிலிம் கிடைத்தால் அதையும் விட மாட்டார். ஊசியால கீறுவார், கலர் மையைத் தொட்டுப் புள்ளி வெப்பார், காயறதுக்காக மொட்டை மாடிக் கொடியில் வரிசையா தொங்க விடுவார். அதே கொடியில்தான் என் புடவையும். வாயல் புடவை ஒண்ணில் பச்சை மை ஏறினபோது நான் போட்ட சத்தம் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். வெயில் சாயும்போது வாளியோட மாடிக்குப் போனால், அந்தச் சுருள்கள் காத்தில் ஆடும். தரை முழுக்கச் சிவப்பும் நீலமுமா சின்னச் சின்னக் கட்டங்கள் நீந்தும். என் கால் மேலே ஏறும், இறங்கும். துணி எடுக்கப் போனவள் எடுக்காமலே நிப்பேன். அடுப்பில் ஏதாவது தீயும். மாடிக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கிட்டிருப்பார். அங்கே என்ன சார் இருக்குன்னு ஒரு நாள் கேட்டேன். "நாலரை மணி வந்துக்கிட்டிருக்கு சேச்சி" என்றார். நானும் பார்த்தேன். சுவரில் மெதுவா ஒரு மஞ்சள் ஏறிக்கிட்டிருந்தது. அந்தச் சுவருக்கு எதிரே வருஷக்கணக்கா குடியிருந்தும் அதை நான் பார்த்ததே இல்லை.

நான் அப்போ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போடுகிற ஆபரேட்டர். காதுதான் என் பிழைப்பு. வழக்கமா கால் போடுகிறவங்க யாரா இருந்தாலும் நம்பர் சொல்ல வேண்டாம், ஹலோன்னா போதும், ஆளைச் சொல்லிடுவேன். ஜலதோஷம் பிடிச்சிருந்தாலும் சொல்லிடுவேன். எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரிக் டிரெயினில் கார்டு. கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமா தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் போய்ப் போய் வருவார். பேச்சு ரொம்பக் கம்மி. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பத்தி ஊரே பேசியாச்சு, அவர் மட்டும் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. வீட்டில் பேசறதெல்லாம் நான்தான்.

அந்த மனுஷனைத்தான் மாடிக்காரர் தன் ரெண்டாவது படத்துக்குக் கதாநாயகனாப் பிடிச்சார். ரயிலில் போகும்போது கார்டு பெட்டி வாசலில் இவர் நிக்கிறதைப் பார்த்திருக்கார். நடிகர்களுக்கு நிக்கத் தெரியாதாம். நின்னா ஏதாவது செய்யணுமேன்னு தவிப்பாங்களாம். இவர் சும்மா நிக்கிறாராம். வீட்டிலேயும் சும்மாதான் சார் நிப்பார், ஒரு வெண்டைக்காய் நறுக்கித் தந்தது கிடையாதுன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கலை. காது மட்டும் சிவந்தது. மறுநாள் ஷேவ் பண்ணும்போது கண்ணாடி முன்னால வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா நின்னார்.

கதை இவ்வளவுதான். ஒருத்தன் ரொம்ப நாள் கழிச்சுக் கடலோரத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி வரான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியலை. நடக்கிறான், நடக்கிறான், கடைசியில் கடல்கிட்டே போய் நிக்கிறான். கேரளாவில் நடக்கிற கதை. ஆனா எடுத்ததெல்லாம் நம்ம பக்கம். எங்க வீட்டுக்காரருக்கு லீவு வருகிற நாளில்தான் ஷூட்டிங். மாடிக்காரர், கேமரா வெச்சிருந்த அவர் சிநேகிதர் ஒருத்தர், எங்க வீட்டுக்காரர், சாப்பாட்டுத் தூக்கோட நான். அதுதான் மொத்தக் கம்பெனி. அப்போ ஊரப்பாக்கம்னா ஏரிக்கரையும் பனைமரமும்தான். அங்கே ஒரு நாள் முழுக்க அவரை நடக்க விட்டார். அனகாபுத்தூரில் தறி ஓடுகிற சந்துகளில் நடக்க விட்டார். தறிச் சத்தம் சுவருக்குச் சுவர் தட்டிக்கிட்டு வர, அதுக்கு நடுவில் எங்க வீட்டுக்காரர் யாரையோ தேடுகிற மாதிரி போறதைப் பார்த்தால் எனக்கே, இந்த ஆள் யாரு, பாவம், எந்த ஊரோன்னு இருக்கும்.

அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. குரலைப் பின்னால தனியாக் கொடுத்து ஒட்டுவாங்க. அன்னிக்கு நடப்பே அதுதான். அதனால முன்னால நிக்கிறவங்க வாய் அசைஞ்சால் போதும், வசனம் வேண்டாம். பழகாதவங்களை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணச் சொல்லிடுவாங்க. அனகாபுத்தூரில் ஒரு அக்காவை நிறுத்தி, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா நீங்கன்னு சொல்லி எண்ணச் சொன்னார். "எத்தினி வரிக்கும் சார் எண்ணணும்?"னு கேட்டுட்டு அந்தம்மா ஆரம்பிச்சாங்க பாருங்க, பதினேழு பதினெட்டு வரும்போது கண்ணில் தண்ணி கொட்டுது. முப்பதில் விம்மல். சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாம் முந்தானையால மூக்கைத் துடைச்சாங்க, நானும்தான்.

கோவளத்துக்குப் பலமுறை போனோம். தாம்பரத்திலிருந்து பஸ் பிடிச்சு, கேளம்பாக்கம் வழியா. எங்க ஊர்லேயும் ஒரு கோவளம் இருக்கு சேச்சின்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். ஒரு சிக்கல். அவங்க ஊரில் சூரியன் கடலில் மறையும். நம்ம கடலில் உதிக்கும். மாடிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? விடியக்காலம் உதிக்கிற சூரியனைப் படம் பிடிச்சு, அதைப் பின்னோக்கி ஓட விட்டு அஸ்தமனமாக்கிட்டார். பின்னால அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். சூரியன் தண்ணிக்குள்ளே இறங்குது. அலையெல்லாம் கரையை விட்டுட்டுக் கடலுக்கே திரும்பிப் போகுது. காக்கா வாலை முன்னால வெச்சுப் பறக்குது. ஒரு நாய் பின்பக்கமாவே நடந்து போய் ஒரு படகுக்குப் பின்னால மறைஞ்சது. மலையாளிங்க கண்டுபிடிச்சுட மாட்டாங்களான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். நாய் மட்டும்தான் கண்டுபிடிக்கும்னு பதில் வந்தது.

படத்தின் கடைசிக் காட்சியும் கோவளத்தில்தான். கையில் இருந்ததிலேயே நீளமான துண்டை அதுக்காகவே பொத்திப் பொத்தி வெச்சிருந்தார். அன்னிக்கு நான் மீன் ஏலம் விடுகிற இடத்துப் பக்கம் தள்ளி நின்னேன். தூரத்தில் எங்க வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்து நிக்கிறார். மாடிக்காரர் அவர் காதுகிட்டே ஏதோ சொல்லிட்டு, கேமராவை ஓட விட்டுட்டு, சிநேகிதரையும் இழுத்துக்கிட்டு வெகுதூரம் நடந்து போயிட்டார். இதென்ன புது வழக்கம்னு எனக்கு ஆச்சரியம். ஆளில்லாத கேமராகிட்டே எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டிருந்தார். கடல் காத்தில் ஒண்ணும் கேட்கலை. பக்கத்தில் மீன் வித்துக்கிட்டிருந்த பொம்பளை என்னைத் தொட்டு, "இன்னாமே, உன் வூட்டுக்காரரா அது? தனியா பேசிகினு கீறாரே, எங்கனா டாக்டராண்ட இட்டுனு போ" என்றாள். நான் சிரிச்சு மாளலை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், என்ன அப்படிப் பேசினீங்கன்னு கேட்டேன். நூறு வரைக்கும் எண்ணினேன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். நானும் சரின்னு விட்டுட்டேன். அவர் தூங்கிப்போய் என் தோளில் சாஞ்சார். வெளியே உப்பளத்தில் தேங்கின தண்ணியில் வானம் அப்படியே கிடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போயிட்டார். டூட்டியில் இருக்கும்போதே நெஞ்சு வலி. சைதாப்பேட்டையில் வண்டி நின்னது, கிளம்பறதுக்கு விசில் வரலை. என்னன்னு பின்னால போய்ப் பார்த்தவங்கதான் தூக்கினாங்களாம். அதைப் பத்தி இதுக்கு மேலே எழுத எனக்குத் தெம்பில்லை. வந்தவங்க எல்லாம் ஆறுதல் சொன்னாங்க. மாடிக்காரர் தினமும் கஞ்சியும் பயறும் செய்து கொண்டுவந்து வெச்சுட்டு, நான் சாப்பிடுகிற வரைக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கஞ்சி இல்லைன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன்னு நினைக்கிறேன்.

படம் குரல் கொடுக்காமலே பாதியில் நின்னது. பிழைப்புக்காக அவர் மத்தவங்க படங்களுக்கு எடிட்டிங் அறையில் வேலை பார்த்தார். கதை வேண்டாம்கிற மனுஷன், பகல் முழுக்க சண்டைக் காட்சியும் டூயட்டும் ஒட்டிட்டு, சாயங்காலம் வந்து சுவரைப் பார்ப்பார். ரெண்டு வருஷம் போயிருக்கும். கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் படத்தை முடிச்சுத் தியேட்டரில் போடுகிறேன்னு முன்வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. கடைசியில் அந்த ஆள் கடலோரத்தில் நின்னு பேசறானே, அவன் என்ன பேசறான்னு ஜனத்துக்குக் கேட்கணும். நல்ல வசனமா எழுதிக் குரல் கொடுக்கணும்.

மாடிக்காரர் கீழே வந்து என்கிட்டே அனுமதி கேட்டார். இதில் கேட்க என்ன சார் இருக்கு, நூறு வரைக்கும் எண்ணினதுக்கு மேலே எந்தக் குரலை ஒட்டினால் என்னன்னு சொன்னேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்:

"அவர் எண்ணலை சேச்சி."

அப்போதான் எனக்கு விஷயம் தெரிஞ்சது. அன்னிக்குக் கோவளத்தில் எங்க வீட்டுக்காரர் காதில் மாடிக்காரர் சொன்னது இதுதானாம். எண்ண வேண்டாம். இதுவரைக்கும் யார்கிட்டேயும் சொல்லாமல் வெச்சிருக்கிறதை, யார்கிட்டே சொல்லணுமோ அவங்க முன்னால நிக்கிறதா நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க, நான் கேட்க மாட்டேன், யாரும் கேட்க மாட்டாங்க. அதுக்காகத்தான் கேமராவை விட்டுட்டு அவ்வளவு தூரம் நடந்திருக்கார். மனுஷன் முகத்தில் உண்மையா ஒரு பேச்சு ஓடணும், அது என்னன்னு படம் எடுக்கிறவனுக்குக்கூடத் தெரியக் கூடாது. அது அவருடைய முறை.

எனக்கு வந்த ஆத்திரம் மாடிக்காரர் மேலே இல்லை. சுவரில் மாலை போட்ட போட்டோவுக்குள்ளே உட்கார்ந்திருந்த எங்க வீட்டுக்காரர் மேலேதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, கூசாமல் பொய் சொல்லிட்டுப் போயிட்டாரே! பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவள்கிட்டே சொல்லாத பேச்சை ஒரு மெஷின்கிட்டே சொல்லிட்டுப் போயிருக்கார். நல்லா அழுதேன். அழுது முடிச்சு, எனக்கு அதைப் பார்க்கணும்னு சொன்னேன்.

கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் அறை. மேஜை மேலே தபால் கவர் அளவுக்கு ஒரு திரை. விளக்கை அணைச்சதும் அதில் எங்க வீட்டுக்காரர் வந்து நின்னார். சட்டைக் காலர் காத்தில் படபடக்குது. கண்ணைச் சுருக்குறார். பேச ஆரம்பிச்சார். நான் ஒரு நப்பாசையில், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கூடவே வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன். அஞ்சு வரைக்கும்கூடப் பொருந்தலை. நடுவில் நிறுத்தினார், கீழே பார்த்துச் சிரிச்சார், மறுபடி பேசினார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். உதடு உதடா பார்த்தும் ஒரு வார்த்தை பிடிபடலை. குழந்தையைப் பத்தியா, என்னைப் பத்தியா, நான் அறியாத வேற யாரையாவது பத்தியா, எதுவும் தெரியலை. நிஜமாவே நீங்க கேட்கலையா சார்னு கெஞ்சினேன். "கேட்டிருக்கலாம் சேச்சி. கேட்கக் கூடாதுன்னு விதி வெச்சவன் நான்தான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

குரல் கொடுக்கிற அன்னிக்கும் கூடவே போனேன். சினிமாவுக்கு என்ன தேவையோ செய்யுங்கன்னு சொல்லிட்டேன், நான் தடையா இருக்க விரும்பலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஒரு மலையாளக் கலைஞர். வெத்தலைச் செல்லத்தைக் கீழே வெச்சுட்டுத் தொண்டையைச் செருமினார். கணீர்னு குரல், புது வெண்கலப் பானையைத் தட்டின மாதிரி. கெட்டிக்காரர். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு உதடு, மூச்சுக்கு மூச்சு பொருத்திட்டார். எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், கடலையும் ஊரையும் பத்தி மலையாளம் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் நல்லா இருக்குன்னுதான் தோணிச்சு, சொன்னேன்.

ரயிலில் திரும்பும்போது கிண்டி தாண்டினதும் ஜன்னலில் தலையைச் சாய்ச்சு எங்க வீட்டுக்காரர் குரலை நினைச்சுப் பார்த்தேன். அது என் வழக்கம். அவர் போன நாளிலிருந்து ரயிலில் உட்கார்ந்தால் அதைத்தான் செய்வேன். காபி ஆறிப்போகுதுன்னு தினமும் சொல்லுவாரே, அதைச் சொல்ல வெச்சுக் கேட்பேன். அன்னிக்கு அவர் வாயைத் திறந்தார், வெத்தலைக்காரர் குரல் வந்தது. மறுபடி முயற்சி பண்ணினேன். மறுபடியும் அதே வெண்கலம். பல்லாவரம் வரும்போது உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. நாளைக்குச் சரியாயிடும்னு நினைச்சேன். ஆகலை. அதுக்கு மறுநாளும் ஆகலை. வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது, அவர் குரல் வேற எங்கேயும் கிடையாது, என் காதில் மட்டும்தான் இருந்தது. ஊரார் குரலையெல்லாம் ஒரு ஹலோவில் கண்டுபிடிக்கிறவள், தாலி கட்டினவர் குரலைத் தொலைச்சுட்டு எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். புருஷன் ரெண்டாவது தடவை செத்த மாதிரி இருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு மாடிப்படியில் மாடிக்காரரை நிறுத்தினேன். "சார், எங்க வீட்டுக்காரர் குரல் போயிடுச்சு. அந்த ஆள் குரல்தான் வருது" என்றேன். வேற எதுவும் கேட்கலை. கேட்க எனக்கு என்ன உரிமை? அவர் அப்படியே படியில் உட்கார்ந்துட்டார். மறுநாள் காலையில் முதல் வண்டியில் கோடம்பாக்கம் போனார்.

அந்தக் காட்சியிலிருந்து குரலை எடுத்துட்டார். குரலை மட்டும் இல்லை, அலைச் சத்தம், காத்துச் சத்தம், காக்கா, எதுவும் மிச்சம் வைக்கலை. ரப்பர் தோட்டக்காரர் வந்து மாடியில் கத்தினது கீழே எனக்குக் கேட்டது. படம் தியேட்டருக்கு வராதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். வரலை. மாடிக்காரரிடம் ஒரே ஒரு பிரிண்ட் மிஞ்சினது. எங்கேயாவது நாலு பேர் கூடி நல்ல சினிமா பார்க்கிற இடங்களுக்கு அதைத் தகரப் பெட்டியோட தூக்கிக்கிட்டுப் போவார். பழையபடி சண்டையும் டூயட்டும் ஒட்டினார். எனக்காகத்தான் இப்படிச் செய்தீங்களான்னு ஒரு தடவை கேட்டேன். படத்துக்காகச் செய்தேன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை செய்தும் என் காதிலிருந்து போன குரல் திரும்பலை. வெண்கலம் மெல்ல மங்கினது, ஆனா அதுக்கு அடியில் ஒண்ணும் இல்லை. வெறும் கரகரப்பு, லைன் கட்டாகிப்போன டிரங்க் கால் மாதிரி. அப்படியே வருஷங்கள் போச்சு.

தொண்ணூறுகளில் மாடிக்காரர் வீட்டைக் காலி பண்ணிட்டு ஊரோடு போகிறதுன்னு முடிவு பண்ணினார். ரயில்வேயிலும் விமானப்படையிலும் வேலை பார்த்த மலையாளிங்க தாம்பரத்தில் நிறைய. அந்த வருஷ ஓணத்துக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலை எடுத்து, பூக்கோலம், சாப்பாடு, பாட்டு எல்லாம் வெச்சிருந்தாங்க. நம்ம ஊரில் இத்தனை நாள் இருந்த டைரக்டராச்சேன்னு அவர் படத்தையும் போடச் சொன்னாங்க. நான் நடுவரிசையில் உட்கார்ந்தேன். குழந்தைங்க ஓடிக்கிட்டிருக்கு, பாயச வாசனை, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கியிருக்காங்க. படம் ஓடுது. தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் நடக்கிறார், பனைமரத்துக்குக் கீழே நடக்கிறார், அழுதுகிட்டே எண்ணின அக்கா இப்போ மலையாளத்தில் அழறாங்க. ஜனம் நெளிஞ்சது, ஆனா பொறுத்துக்கிட்டது. சூரியன் கடலில் இறங்கினது. எங்க வீட்டுக்காரர் வந்து நின்னார். சத்தம் மொத்தமும் நின்னு போச்சு.

முதலில் யாரோ "சவுண்ட்!"னு ஒரு குரல் கொடுத்தார். அப்புறம் நாலு பேர். பின்வரிசையில் விசில். குழந்தைங்களுக்குக் கொண்டாட்டம், பெஞ்சைத் தட்ட ஆரம்பிச்சதுங்க. விழா நடத்துகிறவர் படம் ஓட்டுகிற மெஷின்காரரிடம் ஓடினார். மெஷின்காரர் பயந்துபோய் சுவிட்சில் கையை வெச்சுட்டார். மாடிக்காரர் சுவரோரமா கையைக் கட்டிக்கிட்டு நின்னார். கூச்சல் அவருக்குப் பழக்கம். திரையில் எங்க வீட்டுக்காரர் யாரும் கேட்காத பேச்சைப் பேசிக்கிட்டிருந்தார்.

நான் எழுந்துட்டேன். எழுந்திருக்கணும்னு நினைச்சுக்கூட எழுந்திருக்கலை.

"நிறுத்தாதீங்க. அவர் பேசிக்கிட்டிருக்கார்."

எக்ஸ்சேஞ்சில் கத்திக் கத்திப் பழகின தொண்டை, ஹால் முழுக்கப் போச்சு. பக்கத்தில் இருந்த பொம்பளைங்க என்னைப் பார்த்தாங்க, திரையைப் பார்த்தாங்க, மறுபடி என்னைப் பார்த்தாங்க. என்ன புரிஞ்சதோ, பிள்ளைங்க கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. விசில் நின்னது. சுவிட்சிலிருந்து கை இறங்கினது. அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு ஒரு மனுஷன் பேசி முடிக்கட்டும்னு காத்திருந்தாங்க. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அப்போ வந்தது. தண்டவாளப் புழுதியால கொஞ்சம் கம்மின குரல், வாக்கியத்தின் கடைசியை எப்பவும் முழுங்கிடுகிற குரல். ஒரு வார்த்தை பிரிச்சுக் கேட்கலை, என்ன சொல்றார்னு அன்னிக்கும் தெரியலை, இனிமேலும் தெரியப் போறதில்லை. ஆனா அவர்தான். ஹலோன்னு சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், உட்காருங்கம்மா, மறைக்குதுன்னு மெதுவா சொன்னார். உட்கார எனக்கு மனசில்லை. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னே கேட்டேன்.